ரெண்டு கனெக்ஷன், ஒரே மரம்: ஓவேலி வீட்டுக்கு எந்த இன்டர்நெட்?

போன ஜூன்ல செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா ஓவேலி. கூடலூர் பக்கம் சூண்டி, ஆரோட்டுப்பாறை, எல்லமலை, பெரியசோலைன்னு தேயிலைக்கு நடுவுல சிதறிக் கிடக்கிற ஊர்கள் எல்லாம் சேர்ந்த பேரூராட்சி அது. ஆக்டர்லோனி பள்ளத்தாக்குன்னு வெள்ளைக்காரன் வச்ச பேர் வாயில நுழையாம சுருங்கிச் சுருங்கி ஓவேலி ஆச்சு.

அக்கா கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். அன்னைக்கு கிளையன்ட்டுக்கு டெமோ. வெளிய ரெண்டு நாளா விடாத மழை. டெமோ பாதியில மோடத்துல சிவப்பு லைட் எரிஞ்சது. உடனே போன்ல ஹாட்ஸ்பாட் போட்டாள். சிக்னல் கோடு முழுசா இருக்கு, ஆனா ஒரு பக்கம்கூட லோட் ஆகலை. லைன் சரியாக மூணாவது நாள் ஆச்சு. அதுக்குள்ள மேனேஜர் மரியாதையாவே சொல்லிட்டார்: "இன்னொரு தடவை இப்படி ஆனா நீங்க ஆபீஸ் வந்துடுங்கம்மா."

ஆபீஸ் வர்றதுன்னா கோயம்புத்தூர்ல ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, அம்மா இங்க தனியா. நானும் காலேஜ்ல இருக்கேன். சம்பளத்துல பாதி அப்படியே போயிடும்.

"நீதான இசிஇ படிக்கிற, எந்த கனெக்ஷன் போடலாம்னு சொல்லுடா"ன்னு அக்கா கேட்டாள். நான் யோசிக்கவே இல்ல. "100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாத்துக்கா"ன்னேன். மூணு வருஷம் படிச்சதுக்கு இதுவா பதில்னு அப்புறம் எனக்கே வெட்கமா போச்சு. நம்ம காலேஜ்ல மலையில இருந்தும் கிராமத்துல இருந்தும் வர்றவங்க நிறைய பேர் இருக்கீங்க. நாளைக்கு உங்க வீட்லயும் இதே கேள்வி வரும். அன்னைக்கு நான் என்ன சொல்லியிருக்கணுமோ அதைத்தான் இங்க எழுதுறேன்.

வேகம்: சீக்கிரம் முடிச்சிடலாம்

ஒரு ஹெச்டி வீடியோ காலுக்கு மேலயும் கீழயும் தலா 2-ல் இருந்து 4 எம்பிபிஎஸ் போதும். அதோட ரிமோட் டெஸ்க்டாப், மெயில், அம்மா பார்க்கிற சீரியல் எல்லாம் சேர்த்தாலும் 30 எம்பிபிஎஸ் தாண்டாது. விளம்பரத்துல வர்ற எம்பிபிஎஸ் பிட் கணக்கு, நாம டவுன்லோட் பண்ணும்போது பார்க்கிறது பைட் கணக்கு. 100 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 12.5 மெகாபைட்தான். இதை முதல் செமஸ்டர்லயே படிச்சிருப்போம், ஆனா கடைக்காரர் முன்னாடி நிக்கும்போது மறந்துடும்.

இன்னொரு பக்கம், 'பிராட்பேண்ட்'ங்கிற வார்த்தையை மட்டும் நம்பவும் வேண்டாம். 2023 ஜனவரியில மத்திய அரசு அந்த வரையறையை மாத்துச்சு. அதுக்கு முன்னாடி 512 கேபிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட், இப்போ குறைஞ்சது 2 எம்பிபிஎஸ். அதாவது 2 எம்பிபிஎஸ் கொடுத்தாலும் சட்டப்படி அது பிராட்பேண்ட்தான்.

பில்லைப் பார்க்கும்போது 18% ஜிஎஸ்டி சேர்த்துப் பாருங்க. 599 ரூபாய் பிளான் கையில வரும்போது சுமார் 707 ரூபாய். 'அன்லிமிடெட்'னு போட்டிருந்தா, எத்தனை ஜிபிக்கு அப்புறம் வேகம் எவ்வளவா குறையும்னு சின்ன எழுத்துல இருக்கும். அதைப் படிங்க. அப்லோடு வேகம் எவ்வளவுன்னு தனியா கேளுங்க. வேகத்தைப் பத்தி இவ்வளவு போதும், ஏன்னா எங்க வீட்ல பிரச்சினை வேகமே இல்ல.

வெளிச்சம் வீட்டுக்கு எவ்வளவு வருது?

எங்க வீட்டுக்கு வர்றது ஃபைபர். கூடலூர் மாதிரி ஒரு டவுன்ல ஓஎல்டின்னு ஒரு பெட்டி இருக்கும். அங்க இருந்து கிளம்புற ஒளி, வழியில ஸ்ப்ளிட்டர்ல 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிஞ்சு, மரத்துலயும் போஸ்ட்லயும் தொங்கி வந்து, நம்ம சுவத்துல இருக்கிற ஓஎன்டி பெட்டிக்கு வரும். நாம மோடம்னு சொல்றது அதைத்தான். நடுவுல மின்சாரம் தேவைப்படற கருவி எதுவும் இல்ல. ஜிபான் தொழில்நுட்பத்தோட பெரிய பலமே அதுதான்.

மழைத்தண்ணி ஃபைபருக்குள்ள போற ஒளியைக் குறைக்காது. மழையில சாயற மரம்தான் கேபிளை அறுக்குது. தேயிலைக்கு நிழலுக்காக வச்ச சில்வர் ஓக் எங்க பக்கம் எல்லா ரோட்டு ஓரத்துலயும் நிக்குது. தென்மேற்குப் பருவமழை ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் அடிக்கும். இதே நீலகிரியில அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டினது ஞாபகம் இருக்கலாம். அந்த மாதிரி வருஷத்துல எத்தனை கிளை முறியும்னு யோசிச்சுப் பாருங்க.

அறுந்ததை ஜாயின்ட் போட்டுடுவாங்க. ஆனா ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கொஞ்சம் ஒளி குறையும். எவ்வளவு குறையலாம்? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஓஎல்டி-ல இருந்து +3 டிபிஎம் கிளம்புதுன்னு வைங்க. 1:32 ஸ்ப்ளிட்டர்ல சுமார் 17 டெசிபல் போயிடும். 10 கிலோமீட்டர் ஃபைபர்ல, கிலோமீட்டருக்கு 0.35-னு தாராளமா வச்சாலும் 3.5. கனெக்டர், ஜாயின்ட் எல்லாத்துக்கும் 2. மொத்த இழப்பு 22.5. வீட்டுக்கு வந்து சேர்றது -19.5 டிபிஎம். பரவலா இருக்கிற பி-பிளஸ் வகை ஓஎன்டி -27 வரைக்கும் படிச்சுடும். அது வெறும் 2 மைக்ரோவாட் வெளிச்சம்! ஆக நம்ம கையில 7.5 டெசிபல் மிச்சம் இருக்கு.

இந்த மிச்சத்தைத்தான் ஒவ்வொரு மழைக்காலமும் சாப்பிடுது. மெஷின்ல ஒழுங்காப் போட்ட ஜாயின்ட்னா 0.1 டெசிபல்கூட போகாது. மழையில, அவசரத்துல, கிளிப் வச்சு அமுக்கின ஜாயின்ட்னா அரை டெசிபல், ஒண்ணுன்னு போகும். ஜன்னல் மூலையில ஆணி அடிச்சு கேபிளை மடக்கி விட்டா அதுலயே ரெண்டு மூணு காணாமப் போகலாம். அப்புறம் சும்மா காத்தடிச்சாலே சிவப்பு லைட் எரியும். "மழை வந்தாலே நெட் போகுது"ன்னு சொல்ற பல வீட்ல நடக்கிறது இதுதான்.

லைன் சரி பண்ண வந்த அண்ணன்கிட்ட பவர் மீட்டரைக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் ஆச்சரியமாப் பார்த்துட்டுக் காட்டினார். -25.8. "லைட் வருதுல்ல தம்பி"ன்னார். வருதுதான்ணே, ஆனா அடுத்த ஜாயின்ட்டுக்கு இடம் இல்லையே. டிராப் கேபிளை மட்டும் புதுசா மாத்தித் தர முடியுமான்னு கேட்டேன். நாலு நாள் கழிச்சு மாத்திக் கொடுத்தார், -21-க்கு வந்துச்சு. இதைக் கேட்க டிகிரியே வேண்டாம். பல ஓஎன்டி-ல செட்டிங்ஸ் பக்கத்துலயே 'ஆர்எக்ஸ் பவர்'னு இந்த எண் தெரியும். கனெக்ஷன் போட்ட அன்னைக்கு ஒரு தடவை, ஒவ்வொரு ரிப்பேருக்கு அப்புறமும் ஒரு தடவை காலண்டர்ல எழுதி வைங்க. எங்க அம்மாவே இப்போ எழுதி வைக்கிறாங்க.

ஏன் மூணு நாள் ஆச்சுன்னும் அவர்கிட்டயே கேட்டேன். முதல் நாள் ரோட்டுல மரம். ரெண்டாம் நாள் வந்து சேர்ந்தப்போ சாயங்காலம் ஆயிடுச்சு, யானை நடமாட்டம் இருக்குன்னு திரும்பிட்டாராம். எங்க ஊர்ல யானையால உயிரே போயிருக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்குல எடுக்கணும். பிஎஸ்என்எல் ஃபைபர் பல ஊர்ல உள்ளூர் பார்ட்னர்கள் மூலமாத்தான் வருது, மத்த கம்பெனிகளுக்கும் உள்ளூர்ல யாராவது ஒருத்தர்தான் வேலை பார்ப்பார். அதனால பிராண்டு பேரைவிட முக்கியம், ரிப்பேருக்கு வர்றவர் எந்த ஊர்ல இருந்து வர்றார், அவர்கிட்ட சொந்தமா ஸ்ப்ளைஸிங் மெஷின் இருக்கா, இல்ல கூடலூர்ல இருந்தோ ஊட்டியில இருந்தோ வாங்கிட்டு வரணுமாங்கிறதுதான்.

டவர், சாட்டிலைட்: கொஞ்சம் நிதானமா

ஃபைபரே வராத லைன் வீடுகள் எங்க பக்கம் நிறைய. எஸ்டேட் வழியா கேபிள் இழுக்க அவங்க சம்மதம் வேணும். காட்டு ஓரம்னா வனத்துறை. 1969-ல வந்த கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோட 17-வது பிரிவுல மாட்டிக்கிட்ட நிலங்கள்ல, வீட்டுக்கு கரண்ட் கனெக்ஷன் வாங்குறதே வருஷக்கணக்கான போராட்டம். பாரத்நெட் வரும்னு காத்திருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம்: அந்தத் திட்டம் கிராம ஊராட்சிகளை இணைக்கத்தான் தொடங்கினது. தமிழ்நாட்டுல டான்ஃபிநெட் கணக்குல வர்றது 12,525 கிராம ஊராட்சிகள். ஓவேலி பேரூராட்சி. பார்க்கக் காடு, பேருக்கு டவுன். அதை நம்பி வேலைக்குச் சேர வேண்டாம்.

அடுத்த வழி 4ஜி அல்லது 5ஜி சிம் போட்ட ரூட்டர், இல்லன்னா ஏர்ஃபைபர் மாதிரி கம்பியில்லாத இணைப்பு. ஏர்டெல், ஜியோ ரெண்டும் 2023-ல இதைத் தொடங்கினாங்க. இங்க அலைவரிசைதான் விஷயம். 700 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற சிக்னலையும் 3500-ல வர்றதையும் ஒப்பிட்டா, வெறும் திறந்த வெளியிலயே 20 லாக் 5, அதாவது 14 டெசிபல் வித்தியாசம். நடுவுல ஒரு மேடும், நனைஞ்ச இலையோட பத்து சில்வர் ஓக்கும் வந்தா இன்னும் மோசம். அதனால 5ஜி-னு போன்ல காட்டினாலே ஏர்ஃபைபர் நல்லா ஓடும்னு அர்த்தம் இல்ல. டிராய் உத்தரவுப்படி கம்பெனிகள் தங்களோட கவரேஜ் வரைபடத்தை இணையதளத்துல போட்டிருக்காங்க. அதைப் பாருங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. வரைபடத்துல ஊர் முழுக்க ஒரே கலர், நிஜத்துல பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்ல வரும், அடுத்த வீட்ல வராது. ஆன்டெனா வைக்கப் போற இடத்துலயே, கூரை மேலயே, போனை வச்சுச் சோதிக்கணும். அதுவும் மழையில.

சாட்டிலைட்? பழைய வகை புவிநிலை சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. நாம கேட்கிற கேள்வி மேல போய்க் கீழ வந்து, பதிலும் அதே மாதிரி திரும்பணும்னா நாலு மடங்கு தூரம், ஒளியோட வேகத்துலயே கிட்டத்தட்ட 480 மில்லிசெகண்ட். குரல் ஒரு பக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு ஐடியு சொல்லுது. ஆக அதுல மீட்டிங் பேசினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ஒரே நேரத்துல நிறுத்திட்டு இருக்க வேண்டியதுதான். ஸ்டார்லிங்க் மாதிரி சுமார் 550 கிலோமீட்டர்ல சுத்துறதுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. அந்தக் கம்பெனிக்கு 2025 ஜூன்ல தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்துச்சு. ஆனா உரிமம் வேற, வீட்டுக்கு கனெக்ஷன் வேற. அதுக்கு வானம் நல்லா திறந்து இருக்கணும், ஓஎன்டி-யைவிடப் பல மடங்கு கரண்டும் வேணும்.

அந்த ஒரே மரம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். அன்னைக்கு அக்காகிட்ட ரெண்டு கனெக்ஷன் இருந்துச்சு: ஃபைபர், போன் ஹாட்ஸ்பாட். ரெண்டும் ஒரே நேரத்துல ஏன் போச்சு?

ஒரு கனெக்ஷன்ல வரிசையா அஞ்சு பாகம் இருக்குன்னு வைங்க, ஒவ்வொண்ணும் 99% நேரம் வேலை செய்யும். 0.99-ஐ அஞ்சு தடவை பெருக்கினா சுமார் 0.951. வருஷத்துல 18 நாள் நெட் இல்ல. 99%னு கேட்க நல்லாத்தான் இருந்துச்சு! இதே மாதிரி இன்னொரு கனெக்ஷனைப் பக்கத்துல போட்டா, ரெண்டும் ஒண்ணா போற வாய்ப்பு 0.05 பெருக்கல் 0.05, அதாவது 0.0025. வருஷத்துக்கு 22 மணி நேரம்தான். நம்பகத்தன்மை பாடத்துல இதுவரைக்கும் எல்லாரும் மார்க் வாங்கியிருப்போம்.

ஆனா அந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ரெண்டும் ஒண்ணையொண்ணு சாராம இருக்கணும். எங்க போன் பிடிக்கிற டவருக்கு வெளியுலகத் தொடர்பு எப்படி வருதுன்னு விசாரிச்சா, அதே ரோட்டு ஓரமா வர்ற ஃபைபர் வழியாத்தான். ஒரு மரம் விழுந்துச்சு, வீட்டு லைனும் போச்சு, டவரோட லைனும் போச்சு. டவர்ல பேட்டரி இருந்ததால போன்ல கோடு மட்டும் முழுசா நின்னுச்சு. சிக்னல் கோடு காட்டுறது போனுக்கும் டவருக்கும் நடுவுல உள்ள தொடர்பை மட்டும்தான், டவருக்கு அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது. இப்படி ரெண்டுக்கும் பொதுவான காரணம் வருஷத்துல 2% நேரம் வந்தாலே 7 நாள். அந்த 22 மணி நேரக் கணக்கு அங்கேயே செத்துப் போச்சு. ரெண்டு பக்கமும் 300 எம்பிபிஎஸ் போட்டாலும் இந்த 7 நாள் குறையாது.

அதனால ரெண்டாவது கனெக்ஷனைத் தேடும்போது நான் பார்த்தது ஒண்ணுதான்: முதல் கனெக்ஷன் செத்தப்போ இது உயிரோட இருந்துச்சா? இதுக்குக் கருவி வேண்டாம், அக்கம்பக்கத்துல கேட்டாப் போதும். "போன வாரம் மரம் விழுந்தப்போ உங்க போன்ல வாட்ஸ்அப் வந்துச்சா, எந்த சிம்?" பதினஞ்சு வீட்ல கேட்டேன். டீ குடிச்சே வயிறு ரொம்பிடுச்சு. மேல் லைன்ல இருக்கிற ஒரு பாட்டி, "எனக்கு வந்துச்சே, என் பேரன் துபாய்ல இருந்து பேசினான்"னாங்க. அவங்க சிம் வேற கம்பெனி. அது பிடிக்கிற டவர் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம். மறுநாள் வெயில் அடிச்சப்போ பார்த்தேன், அந்த டவர்ல முரசு மாதிரி ஒரு வட்ட ஆன்டெனா. அது மைக்ரோவேவ் லிங்க், டவரும் டவரும் காத்துலயே பேசிக்கிறது. எங்க ரோடு, எங்க மரம் எதுவும் நடுவுல இல்ல. வட்ட ஆன்டெனா இருந்தாலே கண்டிப்பா தனி வழின்னு சொல்லிட முடியாது, அடுத்த டவர்ல போய் ஃபைபர்ல சேரலாம். பாட்டியோட சாட்சியும் சேர்ந்ததால நம்பினேன்.

வேகம் எங்க வீட்ல 6, 7 எம்பிபிஎஸ்தான் வந்துச்சு, அதுவும் ஜன்னல் ஓரத்துல. அக்கா முகம் சுளிச்சாள். டெமோ ஓட அது போதும்.

கரண்ட் போனா?

பொதுக் காரணத்துல ரெண்டாவது கரண்ட். எங்க பக்கம் மரம் விழுந்தா முதல்ல போறது அதுதான். ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட்ல ஓடும், 10 வாட் சுத்தி இழுக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில 84 வாட்-அவர், பாதியை மட்டும் பயன்படுத்தினாலே 4 மணி நேரம் நிக்கும். கடையில ரூட்டர் யுபிஎஸ்னு கேட்டா சின்னதாவே கிடைக்குது, வாங்கும்போது வோல்ட்டும் ஆம்பியரும் உங்க அடாப்டரோட பொருந்துதான்னு பாருங்க. சோலார் மட்டும் வச்சிருக்கிற வீடுகள்ல பேட்டரியில இருந்து நேரா ஓஎன்டி-க்குக் கொடுக்க ஆசை வரும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரைக்கும் போகும், நடுவுல 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒண்ணு போடாம கொடுக்காதீங்க. லேப்டாப்புக்கு எங்க வீட்டு இன்வெர்ட்டர் போதுமா இருக்கு.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீன்னு சொல்லுவாங்க. மலையில அதை எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். மாசாமாசம் கட்டுங்க, ஒரு ஜூலையைத் தாண்டட்டும். பிப்ரவரியில போட்டு "சூப்பரா இருக்கு"ன்னு சொல்ற விமர்சனத்துக்கு எங்க ஊர்ல மதிப்பே இல்ல.

பழுதானா போன்ல பேசி விட்டுடாம புகார் எண் வாங்குங்க. நீண்ட பழுதுக்கு வாடகையில கழிவு கேட்க டிராய் விதிகள்ல இடம் உண்டு, எண் இல்லாம கேட்க முடியாது. அக்கா அந்த எண்ணோட ஸ்கிரீன்ஷாட்டை மேனேஜருக்கும் அனுப்புறாள். சாக்கு சொல்றோம்னு நினைக்காம இருக்க அதுவே பெரிய உதவியா இருக்கு.

மீட்டிங் நேரத்துல அம்மா போன் போட்டோ எல்லாத்தையும் கூகுளுக்கு ஏத்துறதும் ஒரு பிரச்சினையா இருந்துச்சு. அப்லோடு வரிசை நிரம்பினா பிங் 30-ல இருந்து பல நூறுக்கு எகிறும், குரல் உடையும். ரூட்டர்ல அக்கா லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுத்தேன். போட்டோ ராத்திரி ஏறட்டும்.

அந்த ஜூலையில இன்னும் ரெண்டு தடவை லைன் அறுந்துச்சு. முதல் தடவை ஜன்னல் ஓர சிம்ல டெமோ ஓடுச்சு, கிளையன்ட்டுக்கு விஷயமே தெரியாது. ரெண்டாவது தடவை ஊரே இருட்டு, எதிர்ப்பக்க டவரும் மதியத்துக்கு மேல போயிடுச்சு, பேட்டரி தீர்ந்திருக்கும். அன்னைக்கு அக்கா லேப்டாப்பை ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பையில போட்டுக்கிட்டு, ரோடு திறந்ததும் வந்த பஸ்ல கூடலூர் பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டாள். அங்க வேற கம்பெனி லைன். போறதுக்கு முன்னாடி மேனேஜருக்கு ஒரு மெசேஜ்: "3 மணிக்கு ஆன்லைன் வந்துடுவேன் சார்." 2.50-க்கு வந்துட்டாளாம். இந்த வருஷம் ஜூன் வரப் போகுது, காலண்டர்ல கடைசியா அம்மா எழுதியிருக்கிற எண் -22.4.